உள்ளே விட்ட துணி

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. அதையும் முடிக்கவில்லை. ஆனால் சேலையூர் கேம்ப் ரோட்டில், ஒழுங்காக ஒரு பேண்ட் வேண்டும் என்றால் என் கடைக்குத்தான் வரவேண்டும் என்று ஒரு காலம் இருந்தது. பேங்க் மேனேஜர், காலேஜ் வாத்தியார், ஏர்ஃபோர்ஸ் ஆபீசர், எல்லாரும் என் எதிரில் இரண்டு கையையும் விலக்கிக்கொண்டு நின்றிருக்கிறார்கள். "வயித்த எக்காதீங்க சார், மூச்ச விடுங்க" என்பேன். விடுவார்கள். வீட்டில் யார் பேச்சையும் கேட்காத மனிதர்கள் என் இன்ச் டேப்புக்குக் கேட்பார்கள்.

இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை என்று சொன்னால் அது பொய். பெருமைக்குத்தான் சொல்கிறேன். எங்கப்பன் எனக்கு ஒன்றும் வைத்துவிட்டுப் போகவில்லை. இந்த வாக்கியத்தை என் கடைக்கு வந்த அத்தனை பேரும் கேட்டிருப்பார்கள். அப்பா அனகாபுத்தூரில் தோல் கிடங்கில் சுமை தூக்கினார். ஒரு மத்தியானம் முதுகுச் சுமையை இறக்கிவைத்து, நெஞ்சின் நடுவில் உள்ளங்கையால் தேய்த்துக்கொண்டு, "வாயு புடிச்சிக்கினு கீது" என்றாராம். யாரோ ஓடிப்போய் கோலி சோடா வாங்கி வந்தார்கள். பாதி குடித்தார். மீதி பாட்டிலில் இருந்தது. நாற்பதைத் தாண்டி ஒன்றிரண்டு வருஷம்தான் ஆகியிருக்கும்.

என் அண்ணன் தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் பழம் விற்றவன். அவனுக்கும் அதே வயதில், ஸ்டேஷன் மேம்பாலப் படியில், அதே வாயு. அவனுக்கும் சோடா வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டில் வாயு என்பது ஒரு பங்காளி மாதிரி. அழைக்காமல் வருவான், வந்தால் பங்கு எடுத்துக்கொண்டுதான் போவான்.

நான் மட்டும் அம்மா ஜாடை, அம்மா உடம்பு. பட்டன் ஓட்டைக்குக் காஜா எடுக்கிற பையனாக ஒரு கடையில் போய் உட்கார்ந்தவன், அறுபதைத் தாண்டியும் தினம் கடை திறந்தேன். ஒரு மகன். அவனை இன்ஜினியர் ஆக்கினேன். பெருங்குடி பக்கம் கம்ப்யூட்டர் கம்பெனியில் அமெரிக்காக்காரனோடு போனில் இங்கிலீஷ் பேசுகிற வேலை. கல்யாணம் பண்ணிவைத்தேன். கார் வாங்கினான். ஊரே பார்க்கட்டும் என்று அதை என் கடைக்கு எதிரிலேயே நிறுத்தச் சொல்வேன்.

என் கையில் ஒரு வேலை முறை உண்டு. பேண்ட் தைக்கும்போது பின்பக்கத் தையலுக்கு உள்ளே கொஞ்சம் துணி கூடுதலாக விட்டுத் தைப்பேன். எல்லா டெய்லரும் விடுவார்கள், நான் தாராளமாக விடுவேன். இடுப்பு பெருத்தால் தையலைப் பிரித்து அந்தத் துணியை வெளியே விட்டுக்கொடுக்கலாம். பேண்டைக் கையில் கொடுக்கும்போது, "உள்ள துணி விட்டுகீறேன் சார், நல்லா வளருங்க" என்பேன். அதை ஆசீர்வாதம் மாதிரி எடுத்துக்கொண்டு சிரிப்பார்கள். இடுப்பு பெருப்பது என்றால் வாழ்க்கை நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். எங்கப்பன் இடுப்பில் கயிறு கட்டி டவுசர் போட்டவன். என் மகன் பேண்டை ஒவ்வொரு தீபாவளிக்கும் பிரித்து விட்டேன். கை கால் என்னமோ அப்படியே குச்சிதான். வயிறு மட்டும் வந்தது. "புள்ள பூசுனாப்புல ஆயிட்டான்" என்று என் மனைவி சந்தோஷப்பட்டாள். நானும்தான்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஏழெட்டு வருஷம் போயிருக்கும். ஒரு வாடிக்கையாளரின் மகள் அவருடைய பேண்டை வாங்கிப்போக வந்தாள். நான் வேறொருவருக்கு அளவு எடுத்துக்கொண்டே வழக்கமான கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்பன், அண்ணன், வாயு, சோடா. அந்தப் பெண் பணத்தைக் கொடுத்துவிட்டும் போகாமல் நின்றாள்.

"மாஸ்டர், உங்க அண்ணன் இறந்தப்போ அவருக்கு என்ன வயசு?"

சொன்னேன்.

"அது வாயு இல்ல மாஸ்டர். ரெண்டு பேருக்கும் ஹார்ட் அட்டாக்."

"நீ டாக்டராம்மா?"

"டாக்டர்தான். ஆனா ஊசி போடுற டாக்டர் இல்ல. சின்ன வயசுலயே ஹார்ட் அட்டாக் வந்த குடும்பங்களோட ரத்தத்த வெச்சு ஆராய்ச்சி பண்றோம். உங்க வீட்ல ரத்தம் குடுப்பீங்களா?"

என் வீட்டு ரத்தத்தை ஒரு டாக்டர் கேட்கிறாள். எனக்குத் தலை கால் புரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை கடைக்கே வரச் சொன்னேன், மகனையும் வரவழைத்தேன்.

வந்தவள் முதலில் என்னிடமிருந்தே டேப்பை வாங்கி என் இடுப்பை அளந்தாள். பிறகு மகனை நிறுத்தினாள். அவன் வயிற்றை எக்கினான்.

"மூச்ச விடுடா, எனக்கே டேக்கா குடுக்குறியா" என்றேன்.

அளவைப் பார்த்து அவள் சிரிக்கவில்லை. ரத்தம் எடுத்துக்கொண்டே சொன்னாள். ரத்தத்துக்குள் நீளமாக ஒரு எழுத்து வரிசை ஓடுகிறதாம். அப்பன் ஆத்தாளிடமிருந்து வருவதாம். அதில் ஒரு இடத்தில் ஓர் எழுத்து மாறியிருந்தால் உடம்பு லேசில் சதை போடுமாம். வேறொரு இடத்தில் மாறியிருந்தால் நெஞ்சுக் குழாய் சீக்கிரம் அடைக்குமாம். "இத மொதல்ல வெள்ளைக்காரங்ககிட்டதான் கண்டுபிடிச்சாங்க. நம்ம ஜனங்ககிட்டயும் அதே எழுத்து மாறியிருக்கா, மாறியிருந்தா அதே அளவு வேலை செய்யுதான்னு பாக்குறோம். நம்ம ஆளுங்களுக்குக் கை கால் ஒல்லியா இருந்தாலும் வயித்துல சேந்துடுது."

"இத நான் சொல்லுவனே மேடம். ரயில்வே காலனி ஆங்கிலோ இந்தியங்களுக்கு இதே இடுப்புக்குத் தொடையில அகலம் வெக்கணும். பஞ்சாப் ஆபீசருக்கு வேற வெட்டு. நம்ம ஆளுக்கு வயிறு மட்டும்தான், கீழ பாத்தா கொக்கு."

"அதேதான் மாஸ்டர்" என்றாள். "உங்கப்பா ஒண்ணும் வெச்சுட்டுப் போகலன்னு சொன்னீங்க. ஏதோ வெச்சுட்டுத்தான் போயிருப்பார் போல."

மகன் சிரித்தான். எனக்கு அது பிடிக்கவில்லை.

"ஒரு எழுத்துதான மேடம்" என்றேன். "வெளிய வந்து என் கடை போர்ட பாருங்க. இங்கிலீஷ்ல டெய்லர்னு எழுதச் சொன்னேன். ஓ போட வேண்டிய எடத்துல பெயிண்டர் ஈ போட்டுகினு பூட்டான். எனக்கு இன்னா தெரியும். பல வருஷம் கழிச்சு ஒரு வாத்தியார் சொன்னாரு. நான் மாத்தல. ஒரு எழுத்து தப்பா இருந்து என் கடை இன்னா படுத்துடுச்சா?"

அவள் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். நான் போர்டு கதையைப் பாதியில் விட முடியாமல், அந்தப் பெயிண்டர் எப்படிக் குடித்துவிட்டு ஏணியில் ஏறினான் என்பதுவரை சொல்லி முடித்தேன். போகும்போது அவள் மகனிடம் சொன்னது மட்டும் காதில் விழுந்தது. "ஆராய்ச்சி ஒரு பக்கம் இருக்கட்டும். நீங்க ஒரு தடவ ஹார்ட் டாக்டர்கிட்ட காட்டிடுங்க. கொலஸ்ட்ரால் பாருங்க, ட்ரெட்மில் பண்ணுங்க."

"ஷ்யூர் டாக்டர்" என்றான். போகவில்லை. ஆபீசில் வேலையாம். அவனுக்கு முப்பத்து மூன்று வயதாம், ட்ரெட்மில் எல்லாம் என் வயதுக்காரர்களுக்காம். நானும் விட்டுவிட்டேன்.

அடுத்த மாதம் என் மனைவியின் வேண்டுதலுக்காகக் குன்றத்தூர் போனோம். முருகன் கோயில் படியில் நான்தான் முன்னால் ஏறினேன். என் வயதில் யார் அப்படி ஏறுவார்கள் என்று காட்டத் திரும்பிப் பார்த்தால், மகன் பாதியில் உட்கார்ந்திருந்தான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. நெஞ்சின் நடுவில் உள்ளங்கையை வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

இறங்கிப் போனேன். "இன்னாடா?"

"ஒண்ணுமில்லப்பா. வாயு. ஒரு சோடா குடிச்சா சரியாயிடும்."

அமெரிக்காக்காரனோடு இங்கிலீஷ் பேசுகிறவன். அவன் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது. யார் சொல்லிக் கொடுத்தார்கள்? நான்தான். பள்ளிக்கூடத்துப் பையனாக வெட்டுமேஜைக்கு அடியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிய காலத்திலிருந்து என் வாயால் அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவன். அந்தக் கை, அந்த உள்ளங்கை வட்டம், எல்லாம் எங்கப்பனுடையது.

அதற்குள் என் மனைவி அடிவாரக் கடையிலிருந்து சோடா வாங்கிக்கொண்டு மூச்சிரைக்க ஏறி வந்தாள். நான் பாட்டிலைத் தட்டிவிட்டேன். அது படியில் விழுந்து உடைந்து, உள்ளேயிருந்த கோலி மட்டும் ஒவ்வொரு படியாகக் குதித்துக்கொண்டே கீழே போனது. பக்தர்கள் நின்று பார்த்தார்கள்.

"இன்னாங்க புத்தி கெட்டுப்போச்சா உங்களுக்கு? புள்ள தாகத்துக்குக் கேக்குறான்" என்றாள்.

"சோடா வேணாம்" என்றேன். அதற்குமேல் எனக்குப் பேச வரவில்லை. எனக்குப் பேச வரவில்லை என்பதைப் பார்த்து அவளும் பயந்துவிட்டாள்.

அன்று அவன் காரை அவனே ஓட்டிக்கொண்டு வந்தான். உட்கார்ந்ததும் வாயு போய்விட்டது, பார்த்தீர்களா, என்றான். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். இரண்டு வாரம் ஆகட்டும் என்றான். மறுநாள் கேட்டேன். அதற்கு அடுத்த நாளும் கேட்டேன். "அப்பா, கஸ்டமர் மாதிரி தொல்ல பண்ணாதீங்க" என்றான். அவன் சோறு தின்பதைப் பார்க்க எனக்குப் பயம். மாடி ஏறுகிற சத்தம் கேட்டால் அது மேலே போய்ச் சேரும்வரை நான் மூச்சு விடமாட்டேன். ஆயிரம் பேருக்கு மூச்சை விடச் சொன்னவன்.

எனக்கு ஒரே ஒரு வழிதான் தெரிந்தது. அந்த டாக்டர் பெண்ணிடம் ரிசல்ட்டை வாங்கி அவன் முகத்தில் காட்டுவது. அவள் வேலை செய்த இடம் ஒரு காலேஜ் ஆஸ்பத்திரியின் பின்பக்கக் கட்டடம். போய் நின்றேன்.

"மாஸ்டர், உங்க மகனுக்குன்னு தனியா ரிசல்ட் இல்ல. ரத்தம் எடுத்த டியூப் மேல பேரே கிடையாது, நம்பர்தான்."

"நம்பர் உங்களுக்குத் தெரியும் இல்ல?"

"தெரிஞ்சாலும் பிரயோஜனம் இல்ல. ஆயிரக்கணக்கான பேர ஒண்ணா சேத்துப் பாத்தாதான் அந்த எழுத்து ஏதாவது சொல்லும். ஒரு ஆளுக்கு, இது இருக்கு அதனால வரும், இல்ல அதனால வராதுன்னு சொல்ல முடியாது. எங்களுக்கே இன்னும் தெரியாது."

"உங்கப்பாவுக்கு ஆயுசு முழுக்க ஓசியில தெச்சுத் தரேன் மேடம். இருக்கா இல்லையா, ஒரு வார்த்த சொல்லுங்க."

"மாஸ்டர், நீங்க கேக்குறது என்கிட்ட இல்லவே இல்ல."

நான் எதையும் பேசி வாங்கிவிடுகிறவன். கடை வாடகை, மிஷின், மகனுக்குக் காலேஜ் சீட்டு, எல்லாம் நின்று பேசி வாங்கியவன். அங்கே நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். போகிறவர்கள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரியில் அழுகிற கிழவன் ஒரு அதிசயமா? அவள் வெளியே வந்து தண்ணீர் கொடுத்தாள். "எழுத்து எதுவா இருந்தாலும் நான் சொல்லப் போறது ஒண்ணுதான். படி ஏறும்போது நெஞ்சு வலிக்குதுன்னா ஒரு நாள் கூட வெயிட் பண்ணாதீங்க. எப்படியாவது கூட்டிட்டுப் போங்க."

எப்படியாவது என்றாள். சரி என்று, வீட்டுக்குப் போய்ப் பொய் சொன்னேன்.

"ரிசல்ட் வந்துடுச்சிடா. உனக்கு அந்த எழுத்து கீதாம்."

அவன் தட்டிலிருந்து தலையைத் தூக்கினான். "யார் சொன்னது?"

"டாக்டரம்மாதான்."

"அப்பா, தனித்தனியா ரிசல்ட் தர மாட்டோம்னு அவங்க முதல் நாளே சொன்னாங்க. உங்களுக்கு எங்க கேட்டிருக்கப் போகுது? பெயிண்டர் ஏணியில ஏறிட்டிருந்தான்."

மருமகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவன் மறுபடி சாப்பிட ஆரம்பித்தான். அந்தக் கதையை நான் சொல்லாமல் இருந்திருந்தால் இந்தப் பொய்யை இன்னும் நன்றாகச் சொல்லியிருப்பேன்.

அந்தச் சனிக்கிழமை காலை கடையிலிருந்து அவனுக்குப் போன் போட்டேன். "நெஞ்சு வலிக்குதுடா" என்றேன். வேறொன்றும் சொல்லவில்லை. வாசலில் கார் நின்ற வேகத்தில் எதிர்க்கடைக்காரர் எழுந்து வந்துவிட்டார். மகன் என்னைத் தூக்கக் குனிந்தான். நானே நடந்து போய் ஏறினேன். தாம்பரம் போகிற வழியெல்லாம் அவன் ஒரு கையால் ஸ்டியரிங்கையும் இன்னொரு கையால் என் கையையும் பிடித்திருந்தான். "பேசாதீங்கப்பா, பேசாதீங்க" என்று அவன்தான் பேசிக்கொண்டே வந்தான். அவன் கை வேர்த்திருந்தது. பாவம் என்று தோன்றியது. விஷயம் தெரிந்தால் இறங்கி ஓடிவிடுவானோ என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

எமர்ஜென்சியில் படுக்கவைத்து என் நெஞ்சில் வயர் ஒட்டினார்கள். டியூட்டி டாக்டர் காகிதத்தைப் பார்த்தார், வயதில் என் மகனைவிடச் சின்னவர். "ஈசிஜி நல்லா இருக்கே ஐயா. வலி எங்க?"

என் கோடு மிஷின் தையல் மாதிரி ஒரே சீராக ஓடியிருக்கும். எனக்கு அது தெரிந்ததுதான். "எனக்கு வலி இல்ல சார்" என்றேன். "இவனுக்குத்தான் பாக்கணும். பாக்கலன்னா நான் இந்தக் கட்டில வுட்டு எறங்க மாட்டேன்."

மகன் முகம் கறுத்துப்போனது. "அப்பா, எவ்ளோ பயந்துட்டேன் தெரியுமா? எழுந்திரிங்க. சீன் போடாதீங்க."

"எறங்க மாட்டேன்."

"சார், சாரி சார். இவர் இப்படித்தான். எனக்கு ஒண்ணும் இல்ல."

நான் டாக்டரின் வெள்ளைக் கோட்டைப் பிடித்துக்கொண்டேன். "எங்கப்பன் போயிட்டான் சார். அண்ணன் போயிட்டான். ரெண்டு பேரும் சோடா குடிச்சுகினே போனாங்க. இவனும் படியில ஒக்காந்துகினு சோடா கேக்குறான் சார்." கட்டிலில் கை கூப்பினேன். பக்கத்துக் கட்டில்காரரின் சொந்தக்காரர்கள் எல்லாரும் எங்களையே பார்த்தார்கள். பார்க்கட்டும். எத்தனையோ வருஷம் ஊரே என்னைப் பார்க்கவேண்டும் என்றுதான் எல்லாம் செய்தேன். அன்றைக்கு எனக்கு யார் பார்த்தாலும் ஒன்றுதான்.

டாக்டர் மகன் பக்கம் திரும்பினார். "படி ஏறினா என்ன ஆகுது உங்களுக்கு?"

"கேஸ் சார்."

"உக்காந்தா?"

"ரெண்டு நிமிஷத்துல போயிடும்."

"நீங்க ஏறுறீங்களா உக்காந்திருக்கீங்களான்னு கேஸுக்கு எப்படித் தெரியும்?"

டாக்டர் என்னைப் பார்த்தார். "ஐயா, இப்ப எறங்குங்க. அந்தக் கட்டில் இவருக்கு வேணும்."

அவனுக்கும் ஈசிஜி எடுத்தார்கள். அதில் ஒன்றும் தெரியவில்லை. பார்த்தீர்களா என்கிற மாதிரி என்னைப் பார்த்தான். ரத்தம் எடுத்து, காத்திருக்க வைத்து, பெரிய டாக்டர் வந்து கேள்வி கேட்டு, கடைசியில் ட்ரெட்மில்லில் ஏற்றிப் பார்க்கலாம் என்றார். பேண்ட் இறுக்கமாக இருக்கிறது, அதோடு நடக்க முடியாது என்று, நாடா வைத்த பச்சைக் கால்சட்டை ஒன்றைக் கொடுத்தார்கள். அவன் பேண்டைக் கழற்றி என் கையில் கொடுத்தான். கண்ணாடிக் கதவைச் சாத்தினார்கள்.

கதவுக்கு இந்தப் பக்கம் நான் நின்றேன். பெல்ட் ஓட ஆரம்பித்தது. மெதுவாக நடந்தான். பிறகு கொஞ்சம் வேகமாக, முன்பக்கம் உயர்த்தி வைத்து. அவன் முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. என் கை என்னைக் கேட்காமலேயே பேண்டின் பின்பக்கத் தையலுக்குள் போனது. என் தையல், என் நூல். உள்ளே துணியைத் தேடினேன். ஒரு விரல் அகலம் கூட இல்லை. ஓரத்தில் பிசிறு மட்டும் தட்டுப்பட்டது. நான் தாராளமாக விட்ட துணி அத்தனையும் வருஷா வருஷம் என் கையாலேயே வெளியே எடுத்துக் கொடுத்தாயிற்று. இனி விடுவதற்கு அதில் ஒன்றும் இல்லை.

கண்ணாடிக்கு அப்பால் அவன் வலது கை கம்பியை விட்டு நெஞ்சுக்குப் போனது. மிஷின் பக்கத்தில் இருந்த பெண் திரையைப் பார்த்தாள், உடனே ஏதோ பொத்தானை அழுத்தினாள். பெல்ட் நின்றது. பெரிய டாக்டர் உள்ளே வேகமாகப் போனார்.

வெளியே வந்தவர் என்னிடம்தான் வந்தார். இன்றே அட்மிட் பண்ண வேண்டும், குழாயில் அடைப்பு இருக்கிற மாதிரி தெரிகிறது, ஆஞ்சியோ பண்ணித்தான் எவ்வளவு என்று சொல்ல முடியும் என்றார். பிழைத்துவிடுவானா என்று கேட்டேன். "வந்துட்டீங்க இல்ல" என்றார். அது ஆமாமா இல்லையா என்று எனக்கு விளங்கவில்லை.

மகன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தான். உதடு வெளுத்திருந்தது. டாக்டர் சொன்னது அவனுக்கு இன்னும் உறைக்கவில்லை போல. "ஆபீசுக்கு ஒரு போன் பண்ணிட்டு வந்துடறேன். பேண்ட்ட குடுங்கப்பா."

"குடுக்க மாட்டேன்."

"அப்பா."

"குடுக்க மாட்டேன்டா. இத போட்டுகினு நீ எங்கயும் போவ முடியாது."

சுருட்டி என் கக்கத்தில் வைத்துக்கொண்டேன். அவன் அந்தப் பச்சைக் கால்சட்டையோடு நின்றான். பிறகு என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து, என் தோளில் தலையைச் சாய்த்தான். "பயமா இருக்குப்பா" என்றான். நான் பேண்டைக் கக்கத்தில் இன்னும் இறுக்கிக்கொண்டேன்.

இரண்டு இடத்தில் அடைப்பு. ஸ்டென்ட் வைத்தார்கள். அந்தப் பேண்ட் என்னிடம்தான் இருக்கிறது. இப்போது போட்டால் அவன் இடுப்பில் நிற்காது. யாருக்கும் பேண்ட் கொடுக்கும்போது வளருங்கள் என்று நான் சொல்வதில்லை. எதிரில் அவன் சாப்பிடும்போது, பேசும்போது, கை எங்கே போகிறது என்றுதான் இன்றைக்கும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சட்டைப் பையிலிருந்து பேனா எடுக்கக்கூட அவன் கை நெஞ்சுப் பக்கம் போகக் கூடாது எனக்கு.